மூத்தவள் கை வெற்றிலை

பெருமாயிக்கு இரண்டாவது குழந்தையும் தங்கவில்லை. முதலாவது மூச்சில்லாமலே பிறந்தது. இரண்டாவது ஆண் குழந்தை. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்து, மூக்கு அடைத்துக்கொண்டு, மார்பில் வாய் வைத்துப் பால் இழுக்கக்கூடத் தெம்பில்லாமல் சில நாள் முனகிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. ஜப்பான் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில் சாமைக்குப் பஞ்சம், உப்புக்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம். காரணம் சொல்லுகிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

வயிற்றுப்பிள்ளையோடு உச்சிப் பொழுதில் ஓடைக்குப் போனாள், கன்னிமார் பார்த்துவிட்டார்கள் என்றாள் மாமியார் மாதம்மாள். வீட்டு வாசல் திசை சரியில்லை என்றார் பெருமாயியின் அப்பா செல்லமுத்து. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, பெருமாயி மாசமாக இருக்கும்போது பன்றிக்கறி தின்றதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். தின்றது வாஸ்தவம்தான், அந்தக் கறியை ஊரே தின்றது. புருஷன் அர்த்தனாரி மட்டும் ஒரு காரணமும் சொல்லவில்லை. துக்கத்தில் வாயடைத்துப் போனான் பாவம் என்று ஊரே அவனுக்காக உச்சுக் கொட்டியது.

கொல்லிமலைக்காரர்களைப் பற்றிக் கீழ்நாட்டில் பல கதை பேசுவார்கள். அதில் பாதி பொய். ஒன்று மட்டும் நிஜம். இங்கே ஒரு பெண்ணுக்குப் புருஷன் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றால் வேறொருவன் வீட்டுக்குப் போய் இருந்துகொள்வாள். அரிவாளைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட மாட்டார்கள். திரும்பி வந்தால் உலையில் இன்னொரு படி சாமை கூடுமே தவிர, எங்கே போனாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சண்டைக் காலத்தில் அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் பிடிக்க வந்த மேஸ்திரியோடு அர்த்தனாரி போனான். ஒரு சேதியும் இல்லை. ஆள் செத்துப் போனான் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. பெருமாயி அடுத்த ஊர் வெள்ளையன் வீட்டில் ஒரு வெள்ளாமைக் காலம் இருந்தாள். அர்த்தனாரி வந்துவிட்டான் என்று காதில் விழுந்ததும், களைக்கொத்தைக் கழுவி வைத்துவிட்டு இவனிடமே வந்துவிட்டாள். மாதம்மாள் அன்றைக்கு மருமகளுக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்துப் போட்டாள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் பிள்ளை தங்காத வீட்டுக்கு இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டுவது அதிசயமா? பேச்சை ஆரம்பித்ததே பெருமாயிதான். எவளோ ஒருத்தி வந்து அடுப்பைப் பிடித்துக்கொள்வதைவிடத் தன் தங்கை சின்னக்கண்ணு வரட்டும் என்றாள். அவளுக்கும் இருபது வயது ஆகப் போகிறது, மாப்பிள்ளை அமையாமல் இருந்தாள். செல்லமுத்துவுக்கு ஒரே வீட்டில் இரண்டு மகள்களும் இருப்பார்கள் என்பதில் நிம்மதி. மாதம்மாளுக்குப் பேரப்பிள்ளை கண்ணில் ஆடியது. மிளகு பறித்து முடிந்ததும் மாசியில் நிச்சயம் என்று பேசியாயிற்று.

அந்த நிச்சயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலைத் தட்டைப் புதுப்பெண் கையில் மூத்தவள்தான் கொடுக்க வேண்டும். மந்தையில் ஊர் கூடியிருக்க, ஊர்க்கவுண்டர் அவளைப் பார்த்து, மனசு ஒப்பித் தருகிறாயா என்று கேட்பார். ஒப்பித் தருகிறேன் என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் கல்யாணம் கிடையாது. ஆனால் சொல்லாமல் இருந்தவள் என்று யாரும் ஞாபகத்தில் இல்லை. கவுண்டர் வாயைத் திறக்கும்போதே மேளக்காரன் குச்சியைத் தூக்கிவிடுவான்.

தை மாதம் பூராவும் மிளகு வேலை. பலாமரத்தில் ஏறிக் கிடக்கும் கொடியில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி அர்த்தனாரி மேலே ஏறுவான். கணுவில் செருகின குச்சிதான் படி. அவன் இடுப்புப் பையில் கொத்துக் கொத்தாக உருவிப் போட, பெருமாயி கீழே சிந்தினதைப் பொறுக்குவாள். காலையில் மூடுபனி இறங்கிக் கொடியெல்லாம் ஈரமாக இருக்கும். வெயில் வந்த பிறகுதான் ஏற முடியும். அந்த வருஷம் அவளால் கூடை தூக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு தேறவே இல்லை. குனிந்தால் கண் இருட்டியது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையில் வந்தது.

முதல் பறிப்பு மிளகைத் தலைச்சுமையாகத் துறையூர் வியாபாரிக்குக் கொண்டுபோனபோது வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வியாபாரியின் மனைவி நல்ல பொம்பளை. மோர் கொடுத்துவிட்டு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருத்தர் வந்திருக்கிறார், போய்க் காட்டு என்று ஆளோடு அனுப்பி வைத்தாள். டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிள்ளை எத்தனை என்று கேட்டார். இரண்டும் போன விதத்தைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கையில் ரத்தம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினார். அடுத்த சுமை கொண்டுவரும்போது புருஷனையும் கூட்டி வா என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சுமைக்கு அர்த்தனாரியும் வந்தான். காலையிலேயே மிளகைப் போட்டாயிற்று. நிச்சயத்துக்குச் சிவப்புச் சேலையும் மஞ்சளும் உப்பும் வாங்கியாயிற்று. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தவன், இதோ வந்துவிடுகிறேன் என்று நழுவினான். டாக்டரம்மா ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பெருமாயியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

சொன்னதைச் சுற்றி வளைக்கவில்லை. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை, வெளியே கூட்டம். இது ரத்தத்தில் இருக்கிற வியாதி. ஆணிடமிருந்து பெண்ணுக்கு வரும், பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போகும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும். முதலில் ஒரு புண் வரும், வலி இருக்காது, தானாக ஆறிவிடும். ஆறினாலும் வியாதி உள்ளேதான் இருக்கும். வாரா வாரம் ஊசி போட வேண்டும், மாதக்கணக்கில். நிறுத்தக் கூடாது. முடியும் வரைக்கும் சேர்ந்து படுக்கக் கூடாது. முடித்துவிட்டால் பிள்ளை தங்கும்.

“உனக்கு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை அம்மா. அவனும் போட்டுக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு மூடி வைத்தால் இது வீடு வீடாகப் போகும்” என்றார். அன்றைக்கே முதல் ஊசி போட்டார். கை தோள் வரைக்கும் கடுத்தது.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் சேலை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அர்த்தனாரி உட்கார்ந்திருந்தான். மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வரைக்கும் அவன் முன்னால், அவள் பின்னால். சோலையில் தண்ணீர் கல்லுக்குக் கல் தாவி ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றம் ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். களி உருண்டையை அவன் பிட்டு அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி இலையில் வைத்தாள்.

“டாக்டரம்மா உங்களையத் தேடுனாங்க. எங்க போயிருந்தீங்க?”

“மொளகு யாவாரிகிட்ட.”

“மொளகு காலைலயே போட்டாச்சு.”

அவன் களியை மென்றான்.

“எனக்கு ஊசி போட்டாங்க. என்ன சீக்குன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல. கேக்கலைன்னா உங்களுக்குத் தெரியும்.”

அதற்கு மேல் அவனால் மெல்ல முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் எவ்வளவு நாள்தான் மறைப்பான்? கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான்.

“அங்க மழைன்னா உங்க மழை எங்க மழை இல்ல, மாசக்கணக்குல பேஞ்சுது. தெனமும் ஆரோ ஒருத்தன் காய்ச்சல்ல சாவான். இன்னிக்கு இருக்கறவன் நாளைக்கு இல்ல. கேம்புக்கு அக்கட்டால சாராயக்கடை, பொம்பளைங்க. கூட இருந்தவங்க போனாங்க. நானும் போனேன். புண்ணு ஒண்ணு வந்துச்சு. வலிக்கவே இல்ல. கேம்பு டாக்டரு ஊசி போட்டு, தொடர்ந்து வரச் சொன்னாரு. கொஞ்ச நாள் போனேன், ஆறிப்போச்சு. ஆறின புண்ணுக்கு ஆராச்சும் மருந்து போடுவாங்களா? பன்னி கடிச்சாக்கூட ஆறிட்டா உட்டுடறமில்ல?”

“அதோட மலைக்கு வந்துட்டீங்க.”

“சும்மா வரல பெருமாயி. எல்லைக் கல்லுகிட்டக் கோழி அறுத்தேன். தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டேன். கீழ்நாட்டுல ஒட்டுனதெல்லாம் கீழ்நாட்டோட போகட்டும்னு முறையா எறக்கி வெச்சுட்டுத்தான் ஏறுனேன். எங்கம்மாதான் தண்ணி ஊத்துச்சு.”

அவன் பொய் சொல்லவில்லை. வெகுநாள் கீழே இருந்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். காய்ச்சல், கண்ணேறு, கீழ்நாட்டான் சாபம் எதுவானாலும் அந்தக் கல்லடியில் இறக்கிவிட்டால் மேலே ஏறாது என்று மலையில் குழந்தைக்கும் தெரியும். அவனும் நம்பித்தான் அவளோடு குடித்தனம் நடத்தினான்.

“நீங்க எறக்கி வெச்சீங்க. அது எறங்குச்சான்னு பாத்தீங்களா?” என்றாள் பெருமாயி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மொதப் புள்ள செத்தப்ப?”

“சந்தேகமா இருந்துச்சு.”

“ரெண்டாவது?”

“அது மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. கேம்புல ஒரு நா வெள்ளத்துணி கட்டிப் படம் காட்டுனாங்க. இந்தச் சீக்கு வந்தா இப்பிடியெல்லாம் ஆகும்னு. அதுல ஒரு புள்ள இருந்துச்சு. மூக்கு அடைச்சு, தோலு உரிஞ்சு. நாங்கெல்லாம் பின்னால ஒக்காந்து சிரிச்சோம். நம்மூட்டுல அதே புள்ள பொறந்துச்சு.”

பெருமாயிக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை முனகின முனகலை அவள் மறக்கவே இல்லை. கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தாள், மாமியார் சொன்னபடியெல்லாம் பட்டினி கிடந்தாள், தன் வயிற்றைத் தானே சபித்துக்கொண்டாள். இத்தனைக்கும் இவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஊசி போட்ட கை தூக்க வரவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவன் மடியிலிருந்த சேலை மூட்டையைக் காட்டினாள்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் என் தங்கச்சிக்குச் சேல எடுத்தீங்களா?”

“நீதான அவளைக் கேட்ட.”

“கேட்டேன். எனக்குத் தெரியாது, கேட்டேன். உங்களுக்குத் தெரியும். வாய மூடிக்கிட்டு இருந்தீங்க.”

அவன் ஒரு யோசனை வைத்திருந்தான். நிச்சயம் நடக்கட்டும். கல்யாணத்தை ஏதாவது சொல்லித் தள்ளிப் போடலாம். மிளகு போட வருகிற சாக்கில் இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பெருமாயி கேட்டுக்கொண்டிருந்தாள். மிளகு மாசியோடு முடிந்துவிடும், ஊசி ஆடி தாண்டியும் போகும் என்றாள். நிச்சயம் பண்ணின பெண்ணை அத்தனை நாள் எந்த மாமியார் விட்டு வைப்பாள்? அப்புறம் அவனோடு ரோட்டுக்குப் போனவர்கள் சங்கதி என்ன என்று கேட்டாள். அவரவர் பாடு என்றான்.

“இந்த மலையில ஒரு ஊட்டுச் சீக்கு ஒரு ஊட்டுலயா நிக்கும்? நானே நாலு மாசம் வேற ஊட்டுல இருந்துட்டு வந்தவ. நாளைக்கே எவளாச்சும் அவன் ஊட்டுல இருந்து இவன் ஊட்டுக்குப் போவா. ஆருன்னு கேக்கவும் மாட்டோம்.”

“வெளிய சொன்னா என்னைய ஓடைக்கு அக்கட்டால வெச்சிருவாங்க, பெருமாயி. பெரியம்மா மகன் குஷ்டம் வந்து குடிசையில கெடந்தானே. நீயுந்தான பாத்த.”

பார்த்தாள். பாறை மேல் இலையில் களியை வைத்துவிட்டுக் கூப்பிடு தூரம் தள்ளி நின்று கூப்பிட்டிருக்கிறாள். அவன் செத்தது இரண்டு நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. எழுந்து உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பறித்த மிளகைக் குவித்து வைத்து, மறுநாள் பாறையில் கொட்டிக் காலால் மிதித்தால்தான் மணி உதிரும். அந்த வேலைக்குச் சின்னக்கண்ணு அப்பா வீட்டிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று மிதித்தார்கள். கால் எரியும், மூக்கில் நெடி ஏறும். சின்னக்கண்ணு தும்மினாள், சிரித்தாள், திரும்பத் தும்மினாள். சேலை எந்த நிறம் என்று கேட்டாள். நமக்குள் சக்களத்திச் சண்டையெல்லாம் வராது அக்கா, முதல் பிள்ளையை உன் மடியில்தான் போடுவேன் என்றாள். பெருமாயி வாயைத் திறந்தாள். சிரிக்கிற முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மிளகு நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கையிடம் சொல்ல முடியாததை அன்று சாயங்காலம் மாமியாரிடம் சொன்னாள். மாதம்மாள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதை வரிசையாகச் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். புருஷன் சொல்லட்டும் என்று நினைத்தாள். அர்த்தனாரி வாசலில் உட்கார்ந்து ஏணிக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

மாதம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

“பொம்பளச் சீக்கா? அந்த வெள்ளையன் ஊட்டுல வாங்குனதா?”

பாருங்கள் நியாயத்தை! அவள் போனபோது குற்றமில்லை, வந்தபோது குற்றமில்லை, மொச்சைக்குழம்பு ஊற்றினபோது குற்றமில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது குற்றமாகிவிட்டது. பேரே பெண்ணின் பேரில் இருக்கிற சீக்கு, பெண்ணிடமிருந்துதானே வந்திருக்கும் என்று கிழவி தீர்ப்பு எழுதிவிட்டாள். அர்த்தனாரி குச்சியைச் சீவினான். சீவித் தீர்ந்த குச்சியையும் சீவினான். அம்மா, அவள் இல்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

பெருமாயிக்கு ஒன்று தெளிவாயிற்று. மந்தையில் வாயைத் திறந்தால் ஊரும் இதைத்தான் சொல்லும். ஓடைக்கு அப்பால் குடிசை போடுவதானால் அவளுக்குத்தான் போடுவார்கள். அப்பாவிடம் போய், நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஊர்க்கவுண்டரிடம் சொல்லி நாட்டுக்கே சேதி விட்டாயிற்று, இனி முடியாது கண்ணு என்று செல்லமுத்து அவள் தலையைத் தடவி அனுப்பிவிட்டார். பொறாமை எட்டிப் பார்க்கிறது என்று அவருக்கு நினைப்பு.

நிச்சயத்தன்று பனி சீக்கிரம் விலகிவிட்டது. மந்தையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பெரிய பானையில் சாமைச்சோறும் பூசணிக்காய்க் குழம்பும் வெந்துகொண்டிருந்தன. ஊர்க்கவுண்டர் அருணாசலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தாத மனிதர். உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. சின்னக்கண்ணு மஞ்சள் பூசிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதன் மேல் மடித்த சிவப்புச் சேலை. தட்டைத் தூக்கிப் பெருமாயி கையில் கொடுத்தார்கள்.

“மூத்தவளே, மனசு ஒப்பித் தாரயா?” என்றார் கவுண்டர்.

மேளக்காரன் வழக்கம்போல ஓர் அடி அடித்துவிட்டான்.

“தர மாட்டேனுங்க.”

அடித்த கை அப்படியே நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சக்களத்தி வருகிறாள் என்றதும் வயிறு எரிகிறது என்று ஒரு குரல் கேட்டது. கவுண்டரும் லேசாகச் சிரித்தார்.

“நீதான கண்ணு கேட்டயாமா? இப்ப என்ன வந்துச்சு?”

“பொறாமை இல்லீங்க. எங்க ஊட்டுல சீக்கு இருக்குதுங்க. எனக்கும் இருக்குது, அவருக்கும் இருக்குது. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவுல ஒட்டற சீக்கு. என்ற ரெண்டு புள்ளையும் அதுலதான் போச்சு. கன்னிமாரு எடுக்கல. துறையூரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. ஊசி போட்டாத் தீந்துரும். தீர்ற வரைக்கும் அந்த ஊட்டுக்கு என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்.”

தட்டை இறுகப் பிடித்திருந்தாள். சின்னக்கண்ணு எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பெருமாயி பார்க்கவில்லை.

எதிர்பார்த்தது போலவே மாதம்மாள் எழுந்தாள். வெள்ளையன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் கொண்டுவந்த சீக்கு இது, என் மகன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றாள். கூட்டம் சலசலத்தது. பெருமாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் சேலையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அது பெருமாயிக்குச் சுருக்கென்று தைத்தது.

“வெள்ளையன் அதுக்கப்பறம் கட்டுன பொண்டாட்டிக்கு ரெண்டு புள்ளைங்க, கொழுகொழுன்னு ஓடுது. எல்லாரும் பாத்திருக்கீங்க” என்றாள். “நாஞ் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேனுங்க. மிச்சத்த அவருதான் சொல்லோணும்.”

எல்லோரும் அர்த்தனாரியைப் பார்த்தார்கள். அவன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். இப்போது சும்மா இருந்தால் போதும். அம்மா சொன்னதே நிலைத்துவிடும். ஊரே நம்பத் தயாராக இருந்தது. ஓடைக்கு அப்பால் போகிறவள் அவளாக இருப்பாள், அவன் தன் வீட்டில் இருக்கலாம். கவுண்டர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாந்தரம் கூப்பிட்டார்.

அவன் எழுந்தான்.

“அவ கொண்டாரலீங்க. நாங் கொண்டாந்தேன்.”

மாதம்மாள், டேய் என்றாள். அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ரோட்டு வேலைக்குப் போன எடத்துல தப்புப் பண்ணிட்டேன். புண்ணு வந்துச்சு, ஆறிப்போச்சு, தீந்துதுன்னு நெனச்சேன். எல்லைக் கல்லுல கோழியும் அறுத்தேன். அங்க எறங்கலீங்க. உள்ள போயி ஒக்காந்துக்குச்சு. ரெண்டாவது புள்ளையப் பாத்ததும் எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு சொல்லல. அவளத் திட்டுனப்பல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேன்.” ஆண்கள் பக்கம் திரும்பினான். “எங்கூட ஒரு கும்பலே வந்துச்சு. ஆரு பேரையும் நாஞ் சொல்ல மாட்டேன். அவங்கவங்களுக்குத் தெரியும். புண்ணு ஆறிப்போச்சுன்னு இருந்துறாதீங்க. என்ன மாதிரி புள்ளையப் பாத்துத் தெரிஞ்சுக்காதீங்க. அவ்வளவுதானுங்க.”

உட்காரவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் நின்றான். செல்லமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கத்தில் பின்வரிசையில் சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், இதெல்லாம் மந்தையில் பேசுகிற பேச்சா என்று காறித் துப்பினார். இன்னொருவர், புருஷனும் பெண்டாட்டியும் ஓடைக்கு அக்கட்டால போகட்டும், கவுண்டர் சொல்லட்டும் என்றார். அதற்கு ஆமோதிப்புக் கேட்டது. சின்னக்கண்ணு கூட்டத்தைத் தாண்டி வந்து, அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அவள் தோளை ஒட்டி நின்றுகொண்டாள்.

தீர்ப்புக்காக ஊர் காத்திருந்தது. அருணாசலக் கவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவருடைய மகன் அண்ணாமலையும் அந்த மேஸ்திரியோடுதான் அஸ்ஸாம் போய் வந்தான். போன வருஷம் மருமகள் கண்ணாயிக்குப் பிறந்த குழந்தைக்கும் மூச்சு இல்லை. வெளியே தெரியாமல் புதைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். கவுண்டரின் பார்வை பெண்கள் பக்கம் போனது. கண்ணாயி இப்போது ஐந்து மாச வயிற்றோடு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஓடைக்கு அக்கட்டால என்று சொன்னவர் திரும்பவும், கவுண்டரே என்றார். கவுண்டர் அவரைப் பார்க்கவே இல்லை.

“பெருமாயி” என்றார். “அந்த ஊசி வயித்துப்புள்ளக்காரிக்குப் போடலாமா?”

காறித் துப்பின பெரியவரும் வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“போடலாமுங்க. அன்னிக்கு எனக்கு முன்னால ஒரு வயித்துக்காரி போட்டுக்கிட்டுப் போனா. வெரசாப் போட்டுக்கிட்டா புள்ள பொழைக்கும்னு அவகிட்ட டாக்டரம்மா சொன்னத நாங் கேட்டேன்” என்றாள் பெருமாயி. “ஆனா ரெண்டு பேருக்கும் போடோணுமுங்க. ஒருத்தருக்குப் போட்டாப் பத்தாது.”

கவுண்டர் தலையாட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார்.

“அண்ணாமலை, விடியக் காலைல அர்த்தனாரியோட கெளம்பு. கண்ணாயியையும் கூட்டிக்க. நானும் வாரேன்.”

பின்வரிசையில் அண்ணாமலை மெல்ல எழுந்து நின்றான். கண்ணாயி அதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.